கேபிள் துளை

மணற்காட்டுக்கு அப்பால், சவுக்கு மரங்கள் முடிந்து மணல்மேடுகள் தொடங்கும் இடத்தில் அந்த றேடியோ அறை தனியே நின்றது. பக்கத்தில் உயர்ந்த கோபுரம். கடலில் நிற்கும் படகுகளின் பேச்சைக் கரையிலுள்ளவர்களுக்கும், கரையின் பேச்சைப் படகுகளுக்கும் கடத்துவது மட்டுமே அதன் வேலை. அன்று காலையிலிருந்து அது ஊமையாகிவிட்டது. எலி கேபிளை வெட்டியிருக்கும் என்று, அதைப் பழுதுபார்க்க வந்த வினோஜாவுக்குத் தெரியும். மாரிமழை தொடங்கினால் இதே தொல்லைதான்.

அவளும் உதவியாள் டினேஸும் வான் வண்டியைவிட்டு இறங்கியபோது பின்னேரம். மழை விட்டிருந்தது. ஆனால் கடலுக்கு மேல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. புயல் வருகிறது, ஆழத்தில் நிற்கும் படகுகளுக்கு அதைச் சொல்ல வழியில்லை. அவற்றில் ஒன்றில் டினேஸின் அண்ணன் சிவதர்ஷன்.

"நான் மேலை ஏறி அன்ரனாவைப் பாக்கிறன். நீங்கள் உள்ளுக்கைப் பாருங்கோ அக்கா."

அறைக்குள் எலி மூத்திரம் நாறியது. அதற்கும் அடியில் வேறொரு வாடை. உப்புத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறிய துணியின் வாடை.

சுவர்த் துளை வழியே வந்த கேபிளை எலிகள் செம்புக் கம்பிவரை கடித்திருந்தன. அந்தத் துண்டை வெட்டி எறிந்து புதியதைப் பொருத்தினாள். கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. இனித் துளையை அடைக்கவேண்டும். விட்டால் இருட்டுவதற்குள் மறுபடி கடித்துவிடும். புயலுக்குள் படகுகள் வழி கேட்டுக் கத்தினாலும் கரைக்குக் கேட்காது.

கதவைப் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டாள். இரும்புப் பஞ்சும் சீமெந்துச் சட்டியுமாகச் சுவரின் வெளிப்பக்கம் போய்க் குந்தினாள். மணலில் துருப்பிடித்த இரும்புப் பஞ்சு உருண்டைகள் கிடந்தன. முன்பு வந்தவர்களும் அடைத்துத்தான் இருக்கிறார்கள்.

பிறகு யார் பிடுங்கியது?

புதுப் பஞ்சைத் துளைக்கருகே கொண்டுபோனாள். உள்ளேயிருந்து எலிகள் பாய்ந்து வந்தன. ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து, அவள் கையைத் தாண்டி, மணல்மேட்டுக்கு அப்பால் ஓடின. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் பஞ்சைத் திணித்தாள்.

அது மெல்ல வெளியே வந்தது.

மறுபடி திணித்தாள். மறுபடி வந்தது. நனைந்திருந்தது.

"டினேஸ், விளையாடாதையும். பூட்டின அறைக்கை எப்பிடிப் போனீர்? வெளியிலை வாரும்!"

"என்னக்கா?" குரல் கோபுரத்தின் உச்சியிலிருந்து வந்தது. "நான் இன்னும் இறங்கேல்லை."

அவள் குனிந்து பார்த்தாள். துளைக்குள் இருட்டு. அந்த இருட்டுக்குள்ளிருந்து சில்லென்ற மூச்சு அவள் கன்னத்தில் பட்டது.

"அடைக்காதேங்கோ..."

எழுந்து ஓடத்தான் நினைத்தாள். கடல்பக்கம் பார்த்தாள், கறுப்பு இன்னும் நெருங்கியிருந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழைத்து வைத்திருந்த சீமெந்தை இரண்டு கையாலும் அள்ளித் துளையில் அப்பினாள். உள்ளேயிருந்து ஏதோ அமத்தித் தள்ளியது. அவள் உள்ளங்கையால் எதிர்த்து அமத்தினாள். அமத்திக்கொண்டே அழுதாள்.

மெல்ல மெல்ல, மறுபக்கம் ஓய்ந்தது.

டினேஸ் இறங்கி வந்து அவளைப் பார்த்துத் திகைத்தான். அவள் சீமெந்துக் கையால் கடலைக் காட்டினாள். அவன் இடுப்பிலிருந்த வோக்கிடோக்கியை எடுத்தான்.

"அண்ணை, கேக்குதோ? பெருங்காத்து வருது. எல்லாரும் உடனை திரும்புங்கோ."

இரைச்சல். பிறகு சிவதர்ஷனின் குரல். "ஓமடா, கேக்குது. திரும்பீட்டம்."

டினேஸ் நெஞ்சில் கைவைத்துச் சிரித்தான்.

"தம்பி, உன்னோடை ஆர் நிக்கிறது?"

"நானும் வினோஜா அக்காவும்தான்."

"பொய் சொல்லாதை. நீ கதைக்கேக்கை பின்னாலை ஒராள் கெஞ்சிக்கொண்டு நிக்கிறார். எல்லாப் படகுக்கும் கேக்குதாம்."

"என்னண்டு?"

டினேஸ் வோக்கியைக் காதோடு வைத்தான்.

"வினோஜா, கதவைத் திறவுங்கோ எண்டு."

வெளியே அப்படி ஒரு குரலும் கேட்கவில்லை. றேடியோ அறைக்குள் பேச்சைக் கடத்தும் கருவி மட்டும்தான், ஒலிவாங்கியே கிடையாது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். பூட்டிய இரும்புக் கதவின் அடியால் தண்ணீர் கசிந்து மணலைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தது.

அன்று படகுகள் எல்லாம் கரைசேர்ந்தன. அதன்பிறகு அந்தப் பக்கம் ஒரு எலியும் வரவில்லை. மாரி போய்க் கோடையும் வந்துவிட்டது. மணல் கொதிக்கும் வெயிலிலும் அந்தக் கதவடி இன்னும் காயவில்லை.