கோர்சியின் நாலாவது பக்கம்

பஞ்சுப் போர்வைக்குள் மஹ்பாரே காலை நீட்டியபோது, உள்ளே இருந்த இன்னொரு கால் சற்று ஒதுங்கி அவளுக்கு இடம் விட்டது.

நிமிர்ந்து பார்த்தாள். கணவன் சாபெர் ஜன்னலோரம் நின்று மேஸ்திரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். குழந்தை ஐலா அவள் தொடையை ஒட்டித் தூங்கியது. அறையில் வேறு யாரும் இல்லை.

"உஸ்தா, இவ ரேடியேட்டர்தான் வேணுங்கறா. கேஸ் ஹீட்டர் போதும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்க மாட்டேங்கறா. பழைய சுவராச்சே, தாங்குமா? சரி, அப்ப நாளைக்கே வந்து இந்தக் குழியை சிமென்ட் போட்டு மூடிடுங்க."

மூடிடுங்க என்றதும் ஒரு குளிர்ந்த பெருவிரல் அவள் கணுக்காலைத் தொட்டது.

அர்தபீல் ஊரில் அந்தத் தெருவே கோர்சியைத் தூக்கிப் போட்டாயிற்று. இந்த வீட்டில் மட்டும் இன்னும் தரையில் குழி, குழியில் கரி, மேலே குட்டை மேசை, அதன் நாலு பக்கமும் வழியும் போர்வை. எல்லாம் சாபெரின் அக்கா ஃபரங்கீஸின் பிடிவாதம். கல்யாணம் ஆகாதவள். தம்பிக்குப் பிள்ளை பிறந்தால் நான்தான் வளர்ப்பேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள். கோர்சியின் நாலாவது பக்கம், பெரியவர்கள் உட்காரும் மேல்பக்கம், அவளுடையது. அங்கிருந்தே ஐஸ் மாதிரிக் காலை மஹ்பாரேயின் காலோடு ஒட்டி, "கொஞ்சம் சூடு குடுடி, குறைஞ்சா போயிடுவே?" என்று சிரிப்பாள். போன குளிர்காலத்தில் ஒரு காலை, மேசைமேல் கன்னத்தை வைத்தபடியே விறைத்துக் கிடந்தாள். சரியாகக் கனியாத கரியின் புகை என்றார் டாக்டர். ஐலா அப்போது வயிற்றில். குழந்தை தவழ்வதற்குள் இந்தக் குழி போயாக வேண்டும் என்று மஹ்பாரே அன்றிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள்.

"மொட்டை மாடிப் பனியைத் தள்ளிட்டு வந்துடறேன். இல்லன்னா கூரை உக்காந்துடும்" என்றான் சாபெர்.

"சீக்கிரம் வாங்க. தலை விண்ணுவிண்ணுனு தெறிக்குது."

"டீயைப் போட்டுக் குடி, பறந்துடும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனான். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தலைக்கு மேலே மண்வெட்டி கரகரவென்று கூரையைச் சுரண்டும் ஓசையும், அள்ளிய பனி முற்றத்தில் தொப்பென்று விழும் ஓசையும், ஒவ்வொரு தொப்புக்கும் ஜன்னல் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதும், போர்வையிலிருந்து எழும் பழைய பஞ்சின் வாடையுமாக அறை அவளைச் சுற்றிச் சுருங்கியது. பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வேண்டாமென்று, மனுஷன் அத்தனையையும் வாசல் கதவும் ஜன்னலும் இருந்த பக்கமே தள்ளிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் அந்த நெடி. பச்சைக் கரியின் நெடி.

வெளியே பற்றவைத்தபோது காற்று அறைந்ததில், கரி முழுதும் கனிவதற்கு முன்பே அவள் சாம்பலைப் போட்டு மூடி உள்ளே கொண்டுவந்திருந்தாள். நாளை ரேடியேட்டர் வந்துவிடுகிறதே, இன்று ஒரு நாள்தானே என்ற அலட்சியம். ஐயோ, நானே பண்ணிவிட்டேனே!

வெளியே போகவேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு. உடனே.

காலை இழுத்தாள். வரவில்லை. ஐந்து விரல்கள் கணுக்காலை வளைத்திருந்தன. கால் விரல்கள்தான். ஐஸ் மாதிரி.

"மதினி... விடுங்க."

முனகலாகத்தான் வந்தது. விரல்கள் இறுகின.

மேலே மண்வெட்டி நின்றது. "மஹ்பாரே! வாசலைத் திறந்து பாரு, யானை உசரத்துக்குக் கொட்டியிருக்கேன்!" சாபெரின் சிரிப்பு. மறுபடி சுரண்டல். தொப். மேல் விளிம்பில் ஒரு கீற்று தவிர ஜன்னல் முழுதும் மூடிக்கொண்டது.

அரையிருட்டில் குழந்தைக்காகக் கையைத் துழாவினாள். தொடையருகே வெறும் மெத்தை. கொஞ்சம் சூடு மட்டும்.

எதிரே, மேல்பக்கத்தில், ஐலா படுத்திருந்தாள்.

யாரோ போர்வையைக் கழுத்துவரை இழுத்து, ஓரங்களை ஒழுங்காகச் செருகியிருந்தார்கள். குழந்தையின் மார்புமேல் போர்வை அமுங்கியது, எழுந்தது. அமுங்கியது, எழுந்தது. தட்டித் தூங்கவைக்கும் தாளம்.

ஐலா தூங்கவில்லை. பொக்கை வாயைத் திறந்து யாரையோ பார்த்துச் சிரித்தாள்.

மேசை விரிப்பு, குழந்தையின் முகத்துக்கு நேராக, ஒரு கன்னத்தின் அளவுக்கு மெதுவாக அமுங்கியது.