உறிக்கயிற்று ஈக்கள்

வீட்டுக்குள் நுழைந்தபோது முகத்தைச் சுற்றி எதுவும் ரீங்கரிக்கவில்லை. அதுதான் அருள்தாஸை முதலில் உறுத்தியது. வைகாசி வெயிலில் உத்திரமேரூர்ப் பக்கம் மாட்டின் கண்ணையும் பிள்ளைகளின் கண்ணையும் விடாமல் மொய்க்கும் கண் ஈக்களெல்லாம், பொழுது சாய்ந்தபின் ஒண்டுவதுபோல, இந்த நண்பகலிலேயே உறிக்கயிற்றில் கருப்பாக அப்பியிருந்தன. பழஞ்சோற்றுப் புளிப்பும் மூலையில் வைத்திருந்த டிடிடி மருந்தின் நெடியும் கலந்த அந்தக் குடிசை இருட்டில், அத்தனை தலைகளும் பாயில் கிடந்த அம்முலுவை நோக்கித் திரும்பியிருந்தன.

மகளுக்கு ஏழு வயது. கண்கள் சீழ் பிடித்து வீங்கியிருந்தன; மேலே கட்டுப் போட்டிருந்தது. பார்வை திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் மருந்துச் சீட்டை மட்டும் நீட்டினார். மனைவி பாக்கியமேரி, பிள்ளையின் பெயரைச் சொல்லி மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றப் போயிருந்தாள்.

"நைனா, வந்துட்டியா?"

"வந்துட்டேன் கண்ணு. வலிக்குதா?"

"இல்ல நைனா. வலியே இல்ல."

அந்தப் பதில் ஏனோ ஆறுதலாக இல்லை.

மலேரியா ஒழிப்பு வேலையில் அவனுக்குப் பூச்சிகளை வகை பிரிக்கப் பழக்கியிருந்தார்கள். ஓர் ஈயைப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தான். எள்ளில் பாதி. இரண்டே சிறகு, அவற்றின் பின்னால் குண்டூசித் தலைபோல் இரண்டு குமிழ். ஆக, ஈ இனம். பளபளக்கும் கரிய உடம்பு, நெற்றியில் மினுங்கும் முக்கோணம், கண் ஈயேதான். கடிக்காது. முள்வாயால் கண்ணோரத்தைச் சுரண்டி நீரை உறிஞ்சும். எல்லாம் சரி. ஈயின் கண் சிவப்பாக, நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களாக இருக்கவேண்டும். இமை இருக்காது.

இதற்கு இமை இருந்தது.

சிமிட்டியது. வெள்ளை விழி. நடுவே தேன் நிறப் பாவை. அம்முலுவின் கண் நிறம்.

வேறொன்றைப் பிடித்தான். அதுவும். இன்னொன்று. அதுவும்.

ஓலையைக் கொளுத்திக் கயிற்றருகே நீட்டினான். ஒன்றும் பறக்கவில்லை. அத்தனை கண்களிலும் ஈரம் கசிந்தது. கயிற்றின் நுனியில் திரண்டு, தரையில் சொட்டியது.

"ஆண்டவரே, என் கண்ண எட்த்துக்கோ. கொயந்த கண்ண உட்டுடு."

பாய்க்கு ஓடினான். ஒரு கையால் கட்டை அவிழ்த்தான். ஒட்டிக்கிடந்த இமைகள். மெல்லப் பிரிந்தன.

"நைனா! கண்ணு தெரியுது!" அம்முலு சிரித்தாள். "இன்னாத்துக்கு இத்தினி பேரா நிக்கிற?"

இமைகளுக்கு நடுவே வெள்ளை இல்லை. செந்நிறக் கட்டங்கள், ஓரம்வரை அடுக்கடுக்காக. ஒவ்வொன்றிலும், எரியும் ஓலையுடன் ஓர் அருள்தாஸ்.