வயரின் மறுமுனை

நேற்றுவரை மேசைக்கடியில் சுருண்டு கிடந்த நெட் வயர் இன்று விறைத்து நின்றது. ஃபஸ்னா அதை முதலில் காலால்தான் அறிந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்காரப் போனவளின் கணுக்காலில் அது தட்டியது. குனிந்து பார்த்தாள். கணினிப் பெட்டியின் முதுகிலிருந்து சுவர் ஓட்டைவரை ஒரே இழுப்பு. ஓட்டைக்கு அந்தப் பக்கம் யாரோ பிடித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. காற்றுக்கு இழுபட்டிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். திரையின் மூலையில், நெட் இல்லையென்று சிவப்புப் புள்ளடி விழுந்து கிடந்தது.

போன் அடித்தது. முதலாளி ஸியாத் ஹாஜியார்.

"இஞ்ச பாரு புள்ள. அந்த ஏற்றுமதிப் பேப்பர் இண்டைக்குக் கொழும்புக்குப் போகாட்டி நாளைக்கு நீயும் வரத் தேவல்ல, உன்ட மாப்புளயும் வரத் தேவல்ல."

"நெட் வந்து வந்து போகுது ஹாஜியார். போன்லயும் டேட்டா ஏறுதில்ல."

"அது உன்ட பாடு."

வைத்துவிட்டார். ஈவிரக்கம் என்பது மருந்துக்கும் இல்லாத மனுசன். கல்பிட்டிக் களப்போரம் கடலட்டை வாங்கி, அவித்து, காயவைத்து அனுப்பும் வாடி அது. ஃபஸ்னாவுக்கு அங்கே கணக்கு வேலை, புருஷன் றிஸ்மினுக்குக் காவல் வேலை. முன்பு அவன் சங்கு குளிக்கும் வள்ளத்தில், மூழ்குகிறவனின் கயிற்றை மேலே நின்று பிடித்தவன். அவன் கடலுக்குப் போன ஒவ்வொரு இரவும் அவள் கண் மூடாமல் கூரையைப் பார்த்தபடி கிடந்திருக்கிறாள். ஹாஜியாரின் மனைவியிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சித்தான் அவனை இந்த வேலைக்குக் கொண்டுவந்தாள். இது போனால் அவன் மறுபடியும் வள்ளத்தில்தான் ஏறுவான். கடலுக்கு அவனைக் கொடுக்க அவளால் முடியாது. பட்டினி கிடந்தாலும் முடியாது.

வயரின் முனையைக் கழற்றினாள். செப்புப் பற்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. முந்தானையால் துடைத்துச் செருகினாள். டிக் என்றது. சின்ன லைட் பச்சையாய் இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. கணினியை நிறுத்தி மறுபடி போட்டாள். அதே கதைதான். லைட் அணையும்போதெல்லாம் வயர் சுவர்ப் பக்கம் ஒரு விரல்கடை நகர்ந்தது. ஓட்டை வழியே சோளகக் காற்று ஊதியது. களப்பின் அடிச்சேற்றை யாரோ கிளறிவிட்ட நாற்றம் அதில் வந்தது. மழை இருட்டுக்கு வேலைக்காரர் எல்லாரும் பின்னேர அஸர் பாங்கோடு போய்விட்டார்கள். வாடியில் அவளும் றிஸ்மினும் மட்டும்தான்.

றிஸ்மின் வாசலில் நின்று தலையைத் துவட்டினான்.

"கொட்டில்ல ரௌட்டர்ட முனை கழண்டிருக்கும். பார்த்துட்டு வாறன்."

கொட்டில் களப்புக்குள்ளே மரக்கால் ஊன்றி நின்றது. அதற்குப் போக ஒரு பலகைப் பாலம். அந்தப் பாலத்தின் ஓரமாகத்தான் வயரும் போனது.

"பலகை வழுக்கும். வேணாம்."

"கடல்ல நிண்டவனுக்குப் பலகையா?" என்று சிரித்தான். "அங்க ரெண்டு வயர் கிடக்கு. நான் ஒண்ட இழுப்பன். இது அசைஞ்சா நீயும் ஒருக்கா இழு. எது நம்மடண்டு எனக்கு விளங்கும்."

"ஓம். கவனமாப் போங்க."

அவன் போனான். அவள் தரையில் உட்கார்ந்து வயரைக் கையில் பிடித்துக்கொண்டாள். தகரக் கூரையில் மழை கொட்டியது. யன்னல் கொண்டி தட்டிக்கொண்டே இருந்தது. அதற்கெல்லாம் அடியில், பலகைகளின்மேல் அவனுடைய நடை கேட்பது போலவும் கேட்காதது போலவும் இருந்தது. பிறகு கேட்கவில்லை.

வயர் ஒரு தரம் அசைந்தது.

அவளும் ஒரு தரம் இழுத்தாள். கொஞ்ச நேரத்தில் லைட் பச்சையாய் எரிந்தது. இந்த முறை அணையவில்லை. திரையில் புள்ளடி மறைந்தது. எழும்பி, பிஸ்மி சொல்லி, பேப்பரை அனுப்பினாள். கோடு மெல்ல மெல்ல நிறைந்தது. போய்விட்டது.

அல்ஹம்துலில்லாஹ். அப்பாடா என்று நெஞ்சில் கை வைத்தாள். இனி எவன் வந்து கூப்பிட்டாலும் றிஸ்மின் வள்ளத்தில் ஏறத் தேவையில்லை. அந்தச் சந்தோசத்திலேயே குனிந்து வயரைத் தொட்டாள்.

மூன்று தரம் இழுபட்டது.

அவளுக்கு அந்தக் கணக்குத் தெரியும். கலியாணமான புதிதில் அவளுடைய முந்தானையைப் பிடித்து இழுத்து இழுத்தே அவன் சொல்லிக்கொடுத்தான். ஒன்று என்றால் கயிறு விடு. இரண்டு என்றால் சுகம். மூன்று என்றால் தூக்கு, ஏன் எதற்கு என்று கேட்காதே. "கயிறு பிடிக்கிறவன் கைய அறுப்பான் புள்ள, கயித்த அறுக்க மாட்டான்" என்பான்.

விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

மறுபடியும் மூன்று. இந்த முறை பலமாக. கணினிப் பெட்டி தரையில் கிறீச்சிட்டுச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது.

வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, காலைச் சுவரில் ஊன்றி இழுக்கப் போனாள்.

"என்ன செய்ற?"

கதவடியில் றிஸ்மின் நின்றான்.

"நீங்க... கொட்டிலுக்குப் போகல்லயா?"

"போகல்ல. மழை."

"அப்ப இத ஆரு இழுக்குற?"

வயர் மூன்று தரம் இழுபட்டது. கையில் சுற்றியிருந்தது சதையில் இறுகியது. அவள் முழங்காலில் இழுபட்டு ஓட்டைக்குக் கிட்ட வந்துவிட்டாள். உள்ளேயிருந்து அந்தச் சேற்று நாற்றம் முகத்தில் அடித்தது. உள்ளே தண்ணீர் மூச்சு விட்டது.

"வெட்டு," என்றான்.

"றிஸ்மின், அங்க ஆரோ..."

"ஆருமில்ல. வெட்டி விடு."

மேசையில் கத்தரிக்கோல். மற்றக் கை எட்டியது. பயம் யோசிக்க விடுமா? கண்ணை மூடிக்கொண்டு நெரித்தாள். ஒரு தரம். இரண்டாம் தரம்.

அறுந்தது.

அறுந்த முனை ஓட்டைக்குள் சரேலென்று ஓடி மறைந்தது.

பிறகுதான் கேட்டது. வெளியே. கொட்டில் பக்கம். காற்றுக்குள்ளிருந்து.

"புள்ள..."

ஒரே ஒரு தரம்.

யன்னலுக்கு ஓடினாள். பாலத்தின் நடுப் பலகை இல்லை. அந்த இடத்தில் களப்பு சேறாய்க் கலங்கிச் சுழன்றது. சுழியின் நடுவே ஒரு கை. மணிக்கட்டில் கறுத்த வயர் இரண்டு சுற்று. அந்தக் கை வயரை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. வயர் தளர்ந்து தளர்ந்து அதனிடமே வந்தது. கை தாழ்ந்தது. விரல்கள் மட்டும். பிறகு தண்ணீர்.

வெட்டச் சொல்லி றிஸ்மின் சொல்லியிருக்க மாட்டான். உயிர் போனாலும் சொல்லியிருக்க மாட்டான்.

முதுகுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

திரும்பினாள். அவன் கதவில் சாய்ந்து நின்றான். இடுப்பில் அதே சாரம், அதே முகம். அவளுடைய புருஷனின் கண்கள் அவளைப் பார்த்தன. அவை இமைக்கவில்லை.

"நீ ஆரு?"

அவன் வாயைத் திறந்தான்.

பேச்சு வரவில்லை. தண்ணீர் வந்தது. தாடையில் வழிந்து, நெஞ்சில் வழிந்து, தரையில் பரவி, அவளுடைய பாதங்களுக்கு வந்தது. கலங்கிய, குளிர்ந்த களப்புத் தண்ணீர். அவன் வாயை மூடவில்லை. தண்ணீர் அவள் கணுக்காலுக்கு ஏறியது. அவன் ஒரு அடி எடுத்து வைத்தான்.