சென்னியப்பன் இல்லாத ஏழு நாட்கள்

இல்லாமைமானி சென்னியப்பனுக்குப் பூஜ்யம் போட்டது.

அவர் பெயரையே சூட்டிய மருத்துவமனை அது. வாசலில் இருந்த கருவி அவர் விழிகளைப் படித்து, ஒரு நொடி யோசித்து, சீட்டைத் தள்ளியது. ‘நல எண்: 0. நின்றவை: ஏதுமில்லை. உங்கள் முறை: இருபத்தேழாம் நாள்.’ அவர் நெஞ்சுக்குள் இருக்கும் துடிப்பூட்டியின் மின்கலம் இன்னும் பதினொரு நாள்தான் தாங்கும் என்று மருத்துவர் காலையில்தான் சொல்லியிருந்தார். விமானம் ஏறி வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகவும் கூடாதாம்.

“மெஷின் ரிப்பேரு. வேறொண்ணைக் கொண்டாங்க,” என்றார் சென்னியப்பன்.

“நாலு மெஷின்லயும் பார்த்தாச்சுங்க ஐயா. நாலும் இதையேதானுங்க சொல்லுது,” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்த நிறைமதிக்கு உடம்பெல்லாம் இனித்தது. இந்த ஒரு காட்சிக்காக அவள் நாற்பது நாளாக அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். காலை ஏழு மணிக்கு வந்தால் இரவு பதினொரு மணிக்குத்தான் போவாள். அவர் எந்த ஆண்டு, எந்த மாதம் மின்கலம் மாற்ற வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இல்லாமைமானியைக் கட்டியவளே அவள்தான்.

மூன்று வருடத்துக்கு முன்பு, இந்த நாட்டில் ஒரு மனிதனின் மதிப்பை அவன் சம்பளம் சொன்னது. தொழிலதிபர் பேரவை ஆண்டுதோறும் அரசுக்குப் பரிந்துரைகள் எழுதும். வரி, கல்வி, மருத்துவம், முதியோர் என்று எதையும் விட்டுவைக்காது. அரசு அதை அப்படியே சட்டமாக்கும். சம்பளம் கூடியவருக்கு முதலில் சிகிச்சை என்பதும் அப்படி வந்ததுதான். ‘காத்திருத்தல் குடிமக்களுக்குப் பொறுமையைக் கற்பிக்கும்’ என்று கீழே ஒரு வரி. அதன் கீழே பேரவைத் தலைவர் சென்னியப்பனின் கையெழுத்து.

நிறைமதியின் அக்கா கவின்மலருக்குச் சம்பளம் கிடையாது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரைப் பார்த்துக்கொண்டாள், மகள் மித்ராவை வளர்த்தாள், தெருவில் வேலைக்குப் போகும் நாலு பெண்களின் குழந்தைகளுக்கும் சோறூட்டினாள். படிவத்தின் சம்பளக் கட்டத்தில் அதற்கெல்லாம் இடமில்லை. இதய வால்வு கெட்டு இந்த மருத்துவமனைக்கு வந்தபோது அவளைக் கடைசியில் நிறுத்தினார்கள். வாசலில் பூக்கட்டும் பெண் ஒருத்தி மனசு கேட்காமல் தன் சீட்டை நீட்டினாள். அப்போதிருந்த கருவி அதை ஏற்கவில்லை. சீட்டைக் கைமாற்றக் கூடாது என்பது பேரவையின் பதினாலாவது பரிந்துரை. கவின்மலர் இதே பெஞ்சில், நிறைமதியின் தோளில் சாய்ந்தபடி இறந்துபோனாள்.

நிறைமதி அளவைத் துறையில் பொறியாளர். அழுது முடித்ததும் வேலையில் இறங்கினாள்.

அந்தச் சமயம் சம்பளக் கணக்கை எதிர்த்து ஊரெல்லாம் ஊர்வலம். பேரவைக்குப் பார்க்க நியாயமாகத் தெரியும் வேறொரு அளவு தேவைப்பட்டது. நிறைமதி போய் விளக்கினாள். ஒருவர் காய்ச்சலில் படுத்தாலோ ஊருக்குப் போனாலோ, அவர் இல்லாத ஏழு நாட்களில் என்னென்ன நின்றுபோகின்றன என்று இல்லாமைமானி எண்ணும். வீட்டிலும் தெருவிலும் ஆலையிலும் இருக்கும் லட்சக்கணக்கான உணர்விகள் அதற்குத் தகவல் தரும். எவ்வளவு நிற்கிறதோ அவ்வளவு நல எண், அவ்வளவு மதிப்பு.

பேரவைக்காரர்கள் மேசையைத் தட்டி மகிழ்ந்தார்கள். தாங்கள் இல்லாவிட்டால் நாடே நின்றுவிடும் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. யாருக்கும் விதிவிலக்கு வேண்டாம் என்றார்கள். காசு கொடுத்தும் யாரும் முந்தக் கூடாது என்றார்கள். எப்படியும் முதலில் நிற்கப்போகிறவர்கள் காசு வேறு கொடுப்பானேன் என்ற நினைப்பு.

“ஐயா, சட்டமாகறதுக்கு முன்னாடி உங்களை ஒருக்கா அளந்து பார்த்துரலாமுங்களா?” என்று நிறைமதி கேட்டாள். கேட்கவில்லை என்று பின்னால் யாரும் சொல்லக் கூடாது என்றுதான் கேட்டாள்.

“என்னை எதுக்கு அம்மணி அளக்கோணும்? ஊரை அளங்க,” என்று சிரித்தார் சென்னியப்பன்.

அன்று மதியம் பேரவை மேடையில் அவர் அரைமணி நேரம் பேசினார். வருடத்தில் மூன்று மாதம் ஆல்ப்ஸ் மலையில் இருப்பாராம், போனைத் தொடவே மாட்டாராம், அவருடைய வார்ப்பு ஆலை ஒரு நிமிடம்கூட நிற்காதாம். நிர்வாகம் என்றால் அப்படி இருக்க வேண்டுமாம். பலத்த கைதட்டல். அடுத்துப் பேசியவர் தான் ஐந்து மாதம் இருப்பதாகச் சொன்னார். கடைசி வரிசையில் இருந்த நிறைமதி எல்லோரையும்விட அதிக நேரம் கைதட்டினாள்.

இப்போது சென்னியப்பன் போனை எடுத்தார். நல எண்ணைக் கூட்ட வழி ஒன்று உண்டு. தான் இல்லாததால் ஏதாவது நின்றாக வேண்டும்.

“டேய் பிரணவு, நான் ஆஸ்பத்திரில இருக்கேன். ஆலையை ஒரு வாரம் நிறுத்துடா.”

மகனின் குரல் பெஞ்சு வரைக்கும் கேட்டது. “எதுக்குங்கப்பா? ஏற்றுமதி சரக்கு பாதி வேலையில இருக்குதுங்க.”

“காரணமெல்லாம் கேட்காதே. நிறுத்து!”

“யார் போன் பண்ணினாலும் உலையை அணைக்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே எழுதி ஒட்டி வெச்சீங்க? நீங்க ரெஸ்ட் எடுங்கப்பா. இங்க ஒண்ணும் நிக்காது, கவலைப்படாதீங்க.”

சென்னியப்பன் பெஞ்சில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். பக்கத்தில் இருப்பது யாரென்று அப்போதுதான் பார்த்தார்.

“நீ அந்த மெஷின்காரப் புள்ளையல்ல?”

“ஆமாங்க.”

“உனக்கும் நெஞ்சுலதான் கோளாறா? எப்ப முறை?”

“படபடப்புங்க. பேரு குடுத்து நாப்பது நாளாச்சு. முறை ஒன்பதாம் நாள்.”

பொய்யில்லை, அக்கா போனதிலிருந்து படபடப்புதான். ஆனால் அதற்காக மட்டும் அவள் பெயர் கொடுக்கவில்லை. அவரைக் காப்பாற்றக்கூடிய ஒரு சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. வாராவாரம் கருவி மறுபடி அளந்து புதுச் சீட்டு தரும். முறை எந்த நாள் என்று மட்டும் பார்த்துவிட்டுப் பையில் திணித்துக்கொள்வாள்.

“அம்மணி, அதை எனக்குக் குடும்மா. உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்.”

“தர்றனுங்க,” என்றாள் நிறைமதி. உடனே பையிலிருந்து சீட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். “போய்க் காட்டுங்க.”

ஓட்டமும் நடையுமாகப் போய்க் கருவியில் காட்டினார். ‘சீட்டைக் கைமாற்ற இயலாது. பரிந்துரை 14.’ மறுபடி காட்டினார். மறுபடியும் அதே வரி. அக்காவின் முன்னால் பூக்காரி நின்றதைப் போலவே அவரும் சீட்டைப் பிடித்தபடி நின்றார். நிறைமதி ஒரு கணத்தையும் தவறவிடாமல் பார்த்தாள்.

“கவின்மலர்னு ஒருத்தி. இதே பெஞ்சுல செத்துப்போனா,” என்றாள் அவர் முதுகைப் பார்த்து. “காத்திருங்க ஐயா. பொறுமை வரும்னு எழுதியிருக்கீங்களே.”

சென்னியப்பன் கையிலிருந்த சீட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது; இருமலோடு கலந்த சிரிப்பு.

“உனக்கும் பூஜ்யந்தானா, அம்மணி?”

நிறைமதி எழுந்து போய்ச் சீட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். ‘நல எண்: 0. நின்றவை: ஏதுமில்லை.’

பையைக் கவிழ்த்துப் பழைய சீட்டுகளைத் தேடினாள். முதல் வாரத்தில் முப்பத்தெட்டு. நின்றவை: மித்ராவின் இரவுச் சாப்பாடு, மித்ராவின் கணக்குப் பாடம், மித்ரா தூங்கும் நேரம். இரண்டாம் வாரத்தில் பத்தொன்பது. சாப்பாடு பட்டியலில் இல்லை. நான்காம் வாரத்தில் ஆறு. மித்ரா அழுததால் நின்ற தூக்கம் மட்டும்.

அக்கா சாகும்போது அவள் கையில் பிடித்துக் கொடுத்த பெண் மித்ரா. வயது பன்னிரண்டு. சித்தி இல்லாமலே இருக்க எந்த வாரம் பழகிக்கொண்டாள் என்று சீட்டில் தேதியோடு இருந்தது.

நிறைமதி போனை எடுத்து வீட்டுக்கு அழைத்தாள். எட்டாவது மணியில் மித்ரா எடுத்தாள். “கண்ணு,” என்றாள் நிறைமதி.

“யாருங்க?” என்றாள் மித்ரா.