மழைக்கணிப்பு நின்றுபோன வாரம்

“மழைக்கு ஒதுங்கணும்னா வராண்டாவுல நில்லுங்க சார்… இது கம்ப்யூட்டர் ரூம்!”

செம்மொழி திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னாள். கதவருகே யாரோ சொட்டச் சொட்ட நனைந்து நிற்பது திரையின் ஓரத்தில் நிழலாகத் தெரிந்தது.

“ஒதுங்க வரலைங்க. நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் வந்தேன். ராஜராஜன்… சிஸ்டம் இன்ஜினியர்.”

இப்போது திரும்பினாள். நெற்றியில் ஒட்டிய முடி, அதிலிருந்து இமைக்கு இறங்கும் ஒரு துளி… அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள். ஒரு நொடி… ஒரே நொடிதான். பிறகு கோபம் நினைவுக்கு வந்துவிட்டது.

“ஓ… ‘மெஷின்ல கோளாறு இல்லை, உங்க ப்ரோக்ராமைச் சரிபாருங்க’ன்னு பதில் போட்டது நீங்கதானா?”

“நானேதான்.”

“மெஷினைப் பார்க்காமலேயேவா?”

அவன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

தஞ்சாவூருக்கு வெளியே இருந்த அந்த வேளாண் ஆராய்ச்சி மையத்தில், அவள் எழுதிய ப்ரோக்ராம் தினமும் காலையில் தானாக ஓடும். எந்த ஊரில் எப்போது மழை என்று கணக்கிட்டு விவசாயிகளின் போனுக்குச் செய்தி அனுப்பும். இந்த வாரம் அது ஓடவேயில்லை. குறுவை அறுத்த நெல், கொள்முதல் நிலைய வாசல்களில் குவிந்து கிடக்கும் ஐப்பசி மாதம் இது… அந்தச் செய்தியை நம்பித்தான் பலரும் தார்ப்பாய் மூடுவார்கள். குத்தாலத்தில் அவள் அப்பா கோவிந்தராசுவும் அப்படித்தான். “செய்தி வரலையேம்மா, மழை இல்லைன்னு நெனைச்சுட்டேன். பாதி நெல்லு நனைஞ்சுபோச்சு” என்றார் நேற்று. குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“டிஸ்க் நிரம்பியிருக்கும்…” என்றான் ராஜராஜன்.

“பார்த்தாச்சு. பாதி காலி.”

“நெட்?”

“நல்லா இருக்கு.”

“பாஸ்வேர்டு காலாவதி ஆகி…”

“ஆகல.”

“அப்ப எனக்கு என்னங்க மிச்சம் வெச்சிருக்கீங்க?”

சிரிப்பு வந்தது… அடக்கிக்கொண்டாள். “ஒண்ணு இருக்கு. நான் கையால ஓட்டினா ஓடுது. அதுவா ஓடும்போதுதான் ஆரம்பத்துலேயே நின்னுடுது.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிழைகள் பதிவாகும் கோப்பைத் திறந்தான். ஒரே ஒரு வரி… தேவையான மென்பொருள் கிடைக்கவில்லை. முகத்திலிருந்த விளையாட்டு மெல்ல வடிந்தது.

“போன வாரம் அந்த மென்பொருளை நான் புது இடத்துக்கு மாத்தினேன். புது இடத்தை உங்க செட்டிங்ஸ்ல எழுதிக்கங்கன்னு எல்லாருக்கும் மெயில் போட்டேன்…”

“எழுதினேனே!”

“எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க பாஸ்வேர்டு போட்டு உள்ள நுழையும்போதுதான் மெஷின் அதைப் படிக்கும். தானா ஓடுற வேலை அதைப் படிக்காது. இன்னும் பழைய இடத்துலயே தேடிட்டிருக்கு. அதையும் சேர்த்து நான் சொல்லியிருக்கணும்… சொல்லல. தப்பு என்னோடதுங்க.”

இரண்டு வரியில் சரிசெய்தான். சற்று நேரத்தில் தானாகத் தொடங்கும்படி வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தார்கள். மழைச் சத்தம் மட்டும்… பிறகு யாரும் தொடாமலே திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன!

அவன் எழுந்து நேரே இயக்குநர் அறைக்குப் போனான். “மேடம் ப்ரோக்ராம்ல ஒரு தப்பும் இல்லை சார். தப்பு பண்ணது நான்தான்” என்ற குரல் வராண்டா வரை கேட்டது. ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள் செம்மொழி.

அதன்பிறகு அவன் காரணமே இல்லாமல் வந்தான்.

“எல்லாம் ஒழுங்கா ஓடுதே… எதுக்கு வந்தீங்க?”

“ஓடுதான்னு பார்க்கத்தான்.”

“போன்ல கேட்கலாமே?”

“போன்ல நீங்க முறைக்கிறது தெரியாதே…”

ஒருநாள் கேன்டீனில் டீ குடிக்கும்போது ஊரைக் கேட்டாள். “திருப்பனந்தாள் பக்கம்ங்க. எங்க தாத்தா சாரங்கபாணின்னா அங்க தெரியாதவங்க இல்ல” என்றான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் வீட்டிலும் அந்தப் பெயர் தெரியும். அவர் வயலில்தான் அப்பா சிறுவயதில் நாற்று சுமந்தார். கூலி வாங்கக் கொல்லைப்புறமாகத்தான் போக வேண்டும்… குத்தாலம் வந்து, குத்தகை எடுத்து, சொந்த நிலம் வாங்கியதெல்லாம் பிற்பாடு.

மறைக்காமல் சொன்னாள்.

“எனக்கு இது தெரியாதுங்க…” என்றான்.

“உங்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் வரல. எங்களுக்குத்தான் மறக்கல.”

எழுந்து போய்விட்டாள். அப்புறம் அவன் கூப்பிட்டபோதெல்லாம் அவள் போனை எடுக்கவே இல்லை. ஒவ்வொரு முறை அது ஒலிக்கும்போதும் மனசு ஓடிப்போய் எடுத்தது… கை மட்டும் எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குத்தாலத்தில் அவள் வீட்டு வாசலில் பைக் நின்றது. சன்னல் வழியே எட்டிப் பார்த்தாள் செம்மொழி.

“யாரு தம்பி?” என்றார் கோவிந்தராசு.

“சாரங்கபாணி பேரன், ராஜராஜன். உங்க பொண்ணு என்கிட்ட பேச மாட்டேங்குறாங்க. அது நியாயம்தான். அவங்களைக் கட்டிக்கணும்னு எனக்கு ஆசை… அதான் உங்களைப் பார்க்க வந்தேங்க.”

கோவிந்தராசு கூடத்தில் இரண்டு நாற்காலி போட்டார். ஒன்றில் அவனை உட்கார வைத்து, எதிரில் தானும் உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக்கு நீங்க முன்வாசல் வழியா வந்துட்டீங்க தம்பி. எம் பொண்ணு உங்க வீட்டுக்கு எந்த வாசல் வழியா வருவா?”

அவன் தலையைக் குனியவில்லை.

“முன்வாசல்தாங்க. அம்மாகிட்ட சொல்லிட்டேன். அவங்க இன்னும் சரின்னு சொல்லல… என்கூடப் பேசாம இருக்காங்க. பேசிப் பார்ப்பேன். கடைசிவரைக்கும் உங்க பொண்ணுக்கு முன்வாசல் திறக்கலேன்னா, நானும் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்.”



“வீட்டுல எல்லாரும் சம்மதம்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்” என்ற கோவிந்தராசு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். “செம்மொழி! நான் கேட்க வேண்டியதைக் கேட்டுட்டேன். இனி உன் பாடு. மடையைப் பார்த்துட்டு வரேன்.”

அவள் வெளியே வந்தாள். இருவருக்கும் நடுவில் காலி நாற்காலி.

“அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சு… எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே?”

அத்தனை தைரியமாகப் பேசியவனுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. “அது வந்துங்க…”

“சரி, நானே சொல்றேன்.” அவன் கண்களை நேராகப் பார்த்தாள். “எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்க அம்மா நிதானமா முடிவு பண்ணட்டும். நான் பண்ணிட்டேன்.”

“நானும்தாங்க…”

“இன்னும் என்ன ‘ங்க’?”

அவன் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

“உன்னோடதான் வாழணும், செம்மொழி” என்றான்.