சுறாப்பல் பாரில் ஒரு சிரட்டை விஷம்

1947, ஹாலிவுட். பிற்பகல் 2.40.

சுறாப்பல் பாரில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மூங்கில் தட்டி, முறைத்த மரத் தெய்வங்கள், சுவரெல்லாம் கோடு கோடாக நிழல். கதாநாயகன் லயனல் பிரென்டிஸ், புதினாக் கொத்து மூடிய தேங்காய்ச் சிரட்டையைத் தூக்கினான். கலகலவென்று ஐஸ் சத்தம். ஒரே மடக்கில் குடித்தான். அடுத்த வசனம் வரவில்லை. முக்காலியோடு சாய்ந்தான். டைரக்டர் பிரமாதம் என்று கைதட்டிய பிறகுதான், அது நடிப்பில்லை, ஆள் செத்துவிட்டான் என்று தெரிந்தது.

3.15.

போலீஸ் லெப்டினன்ட் ஹாலரன் வந்த ஐந்தாம் நிமிடம் விலங்கு மாட்டிவிட்டார், கிறிஸ்புலோவுக்கு. அந்த பாரில் தினமும் மது கலப்பவன் அவன். படத்திலும் அதே வேலைதான், இடுப்பில் புல் பாவாடை மட்டும் கூடுதல். பிலிப்பைன்ஸில் எவன் புல் பாவாடை கட்டினான் என்று யாரும் கேட்கவில்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஹாலிவுட்டில் அந்த ஆண்டி எப்போதும் பிலிப்பினோதான். தலைமை பார்மேன் யூசேபியோவுக்கு ரத்தம் கொதித்தது. கிறிஸ்புலோ அவருடைய சித்தி மகன். கொலை நிரூபணமானால் கலிபோர்னியாவில் விஷவாயு அறைதான்.

"கலந்தது நீ. வேற யாருடா விஷம் வச்சிருப்பான்?"

"கலந்து கவுண்டர்ல வச்சேன் சார், அவ்வளவுதான். மனோங், நீயாவது சொல்லுண்ணே," என்று யூசேபியோவைத் தங்கள் பாஷையில் அண்ணன் என்று கூப்பிட்டான் கிறிஸ்புலோ.

"படத்துக்கு டீத்தண்ணிதானே ஊத்துவாங்க? நிஜ ரம் எதுக்கு?" என்றார் ஹாலரன்.

"நிஜச் சரக்கு இல்லாம பிரென்டிஸ் நடிக்கமாட்டார்," என்று குறுக்கே வந்தான் மெர்வின் டோப். செட்டுச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பாளன். "ஷாட்டுக்கு முன்னாடி சிரட்டையை நேரா நகர்த்தி வச்சேன். மத்தபடி இவன் கலந்ததுதான்."

பிரென்டிஸின் சிரட்டையிலிருந்து சிதறித் தரையில் கிடந்த ஐஸ் கட்டியை ஹாலரன் எரிச்சலில் எத்தினார். அது கவுண்டரில் மோதித் திரும்பி வந்தது. தலைக்கு மேல் படப்பிடிப்பு விளக்குகள் அனல் கக்கின.

யூசேபியோ குனிந்து அதை எடுத்தார்.

"இது விழுந்து எவ்வளவு நேரமாச்சு சார்?"

"அரை மணிக்கு மேல. அதுக்கென்ன இப்ப?"

"கையில பிடிச்சுப் பாருங்க."

கட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

"கண்ணாடி சார். லைட்டுச் சூட்டுல நிஜ ஐஸ் நிக்காதுன்னு சினிமாக்காரங்க வச்சிருக்கிறது. எங்க பார்ல கட்டி ஐஸே போடமாட்டோம். சாக்குல கட்டி, கட்டையால அடிச்சுப் பொடியாக்கித்தான் சிரட்டையில அமுக்குவோம். பொடி ஐஸ் கலகலங்காது. அவர் தூக்கினப்போ சத்தம் கேட்டுச்சே."

"அப்ப?"

"அவர் குடிச்சது என் தம்பி கலந்ததே இல்ல. காலையிலேயே விஷத்தோட தயாரா வச்ச வேற சிரட்டை. நிஜ ஐஸ் போட்டிருந்தா மத்தியானத்துக்குள்ள தண்ணியாயிருக்கும். கண்ணாடி ஐஸ் யார் பெட்டியில இருக்கு? சிரட்டையை நகர்த்தி வச்சது யாரு? மெர்வினோட பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க."

3.40.

பூட்டிய பெட்டிக்குள் இன்னொரு சிரட்டை, கிறிஸ்புலோ கலந்தது. புதினா இன்னும் வாடவில்லை, பொடி ஐஸ் பாதி உருகியிருந்தது.

மெர்வின் மறுக்கவில்லை. "பிரென்டிஸ் குடிச்சிட்டுக் காரோட்டி என் தங்கச்சியைக் கொன்னான். ஸ்டூடியோவுல மூடி மறைச்சிட்டாங்க. நான் வேற என்ன செய்யறது?"

"உன் கோபம் எனக்குப் புரியுதுடா." யூசேபியோ தம்பியின் கைவிலங்கைக் காட்டினார். "ஆனா பழி போட எங்க ஆளைத்தானே பார்த்து வச்ச? இவன் சொன்னா எவனும் நம்பமாட்டான்னு தெரிஞ்சுதானே செஞ்ச?"

ஹாலரன் கிறிஸ்புலோவின் விலங்கைக் கழற்றினார்.

"சரி பையா, நீ போகலாம்."

"பையன் இல்ல சார்," என்று யூசேபியோ ஹாலரனின் வழியை மறித்தார். "கிறிஸ்புலோ டகானாய், வயசு முப்பத்தொண்ணு. விலங்கு மாட்டறப்போ பேரைக்கூட நீங்க கேக்கல. குத்தம் செய்யாதவன்னு இப்ப எழுதிக்குங்க."

ஹாலரன் நோட்டைத் திறந்தார். அவர் அதை எழுத்துக்கூட்டி எழுதி முடிக்கும்வரை யூசேபியோ வழிவிடவில்லை.