வரத்துக்கணி நகர்

அபாயச் சங்கை ஊத அணைப் பொறியாளர் சவரிமுத்து மறந்துவிட்டார். ஒரு கையில் போண்டா, மறு கையில் மதகுப் பொத்தான். மூன்றாவது கை இல்லாதது அவர் குற்றமா? கீழே ஆற்றுக்குள் இருந்த வரத்துக்கணி நகரில் முழங்கால் அளவு தண்ணீர் புகுந்து, புதிய பேருந்து நிறுத்தத் திறப்புவிழாவின் நாற்காலிகள் அறுபதும் மிதந்து போயின. உயிர்ச்சேதம் இல்லை. மானச்சேதம் பொறியாளருக்கு மட்டும்.

வரத்துக்கணி என்பது அணையின் முன்னறி எந்திரம். மலை மண்ணின் ஈரம், கடல் மேகத்தின் கனம் எல்லாவற்றையும் மோப்பம் பிடித்து, எந்த நாளில் எவ்வளவு நீர் வரும் என்று நாலைந்து நாள் முன்பே சொல்லிவிடும். உடனே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டு இடம் பண்ணி வைப்பார்கள். வரும் வெள்ளம் அணைக்குள் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். பதினெட்டு ஆண்டுகளாக இப்படித்தான். அந்தத் தைரியத்தில் ஆற்றுக்குள்ளேயே நானூறு வீடுகள் முளைத்து, எந்திரத்தின் பெயரையே வைத்துக்கொண்டன.

இன்று அது சொன்னது இதுவரை இல்லாத வரத்து. நான்கே நாளில் விநாடிக்கு லட்சம் கனஅடி. மாலைக்குள் எல்லா மதகுகளையும் திறந்தால் நகரில் இடுப்பளவுத் தண்ணீர். திறக்காவிட்டால் வியாழக்கிழமை கூரைக்கு மேல். எப்படியானாலும் மக்கள் வெளியேறியாக வேண்டும்.

திறக்கலாமா என்று மேலதிகாரியைக் கேட்டார். "நிலைமைக்கு ஏத்த மாதிரி பாத்துக்குங்க." எந்திரத்தைக் கேட்டார். "திறப்பதற்கான பரிந்துரை, எண்பத்தேழு விழுக்காடு."

அதற்குள் நகர்ச் சங்கச் செயலாளர் ஜுனைதா புடவையைப் பிழிந்தபடி அறைக்குள் வந்துவிட்டார்.

"ஏன் சார், திறப்புவிழான்னா உங்க மதகையும் சேர்த்தா திறப்பீங்க?"

"தப்பு என்னுதுதாம்மா. ஆனா சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயிடணும். பெரிய வெள்ளம் வருது."

"யார் சொன்னா?"

"வரத்துக்கணி."

ஜுனைதா சிரித்தார். "அது போன வருஷமும்தான் சொல்லிச்சு."

"வந்துச்சும்மா! நாங்கதான் பிடிச்சு வெச்சோம்."

"யார் பார்த்தா?"

சவரிமுத்து பதினெட்டு ஆண்டு வரைபடங்களையும் திரையில் ஓடவிட்டார். முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்ப்பதுபோல ஜுனைதா மரியாதையாகப் பார்த்து முடித்தார்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்கம்மா. காலையிலேர்ந்து ஒருத்தரும் எனக்கு நேரா பதில் சொல்லல. நான் என்ன செஞ்சா நீங்க கிளம்புவீங்க?"

ஜுனைதா நிஜமாகவே யோசித்தார். குரலில் இப்போது கேலி இல்லை.

"ஒரே ஒரு தடவை, அது சொன்ன வெள்ளத்தை எங்க கண்ணுல காட்டுங்க சார். அப்புறம் கிளம்பிடறோம்."